விழுப்புரத்திலிருந்து ஒரு நிதிநிலைக் கணக்கு

2025 மார்ச் 14 அன்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு சட்டமன்றத்தில் வைத்த நிதிநிலை அறிக்கையின்படி, 2025-26ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி ரூபாய். நிதிப் பற்றாக்குறை 1,06,963 கோடி. ஆண்டு முடிவில் நிலுவைக் கடன் 9.29 லட்சம் கோடியைத் தாண்டும். ஒவ்வோர் ஆண்டும் இப்படி எண்கள் வெளியானதும் இரண்டு குரல்கள் எழுவது வழக்கம். மாநிலம் கடனில் மூழ்கிவிட்டது என்பது எதிர்க்கட்சி வரிசையின் குரல். நிதிப் பற்றாக்குறை மாநில மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 சதவீதம்தான், கடன் 26 சதவீதம்தான், எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது என்பது ஆளும் வரிசையின் பதில். ஆட்சி மாறினால் வரிசைகள் இடம் மாறுமே தவிர வசனங்கள் மாறுவதில்லை. இரண்டு தரப்புமே மாநிலத்தை ஒரே குடும்பமாக வைத்துப் பேசுகின்றன. ஆனால் அந்தப் பற்றாக்குறை எல்லா மாவட்டங்கள் மீதும் எல்லா வீடுகள் மீதும் ஒரே அளவில் இறங்குவதில்லை. விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் நடுவில் வைத்து அதே கணக்கைப் பார்த்தால், பற்றாக்குறை எத்தனை கோடி என்பதைவிட, அது யாரிடம் வாங்கி நிரப்பப்படுகிறது, யாருக்குக் கொடுக்காமல் நிரப்பப்படுகிறது என்ற கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது. ஏழை மாவட்டம் வரி கட்டும்போது பணக்கார மாவட்டத்துக்குச் சமமாகக் கட்டுகிறது. சேவை பெறும்போது வரிசையின் கடைசியில் நிற்கிறது. இந்தக் கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

முதலில் பற்றாக்குறையின் தன்மை. கடன் வாங்குவதே குற்றம் என்று சொல்ல முடியாது. கடன் பணத்தில் அணையோ மருத்துவமனையோ எழுந்தால், அடுத்த தலைமுறையும் அதன் பயனை அனுபவித்து அதன் கடனையும் அடைக்கும். வருவாய்ப் பற்றாக்குறை அப்படிப்பட்டதல்ல. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் ஆகிய அன்றாடச் செலவுக்கே வருமானம் போதாமல் கடன் வாங்குவது அது. 2012-13இல் வருவாய்க் கணக்கில் உபரி காட்டிய தமிழ்நாடு, 2013-14 முதல் ஓர் ஆண்டு விடாமல் பற்றாக்குறையில் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, பெருந்தொற்று ஆண்டான 2020-21இல் அது 61 ஆயிரம் கோடியைத் தாண்டியதைக் காட்டியது. பிறகு குறைந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் சேர்ந்துவிட்ட கடனின் வட்டி குறையாது. 2025-26இல் வட்டிக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 70,750 கோடி. அதே அறிக்கையில் பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி, மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு 21,906 கோடி. இரண்டையும் கூட்டினாலும் வட்டியை எட்டவில்லை. வரம்புக்குள் இருக்கிறோம் என்ற பதிலுக்கு என் மறுப்பு இதுதான்: வரம்பு கடன் கொடுப்பவர்களின் நிம்மதிக்காக வகுக்கப்பட்டது. மருத்துவர் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அந்த வரம்பு எதையும் சொல்வதில்லை.

இந்தக் கணக்கின் மறுமுனையில் இருக்கும் மாவட்டத்தைப் பார்ப்போம். 1993 செப்டம்பர் 30 அன்று தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிந்தது விழுப்புரம். 2019இல் அதிலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. பிரிவதற்கு முந்தைய 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 34.58 லட்சம். அவர்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் கிராமங்களில் இருந்தார்கள். எழுத்தறிவு மாநில அளவில் 80 சதவீதத்தைத் தொட்டபோது இங்கே 72க்குச் சற்றுக் குறைவு. நூற்றுக்கு இருபத்தொன்பது பேர் பட்டியல் சாதியினர். நெல், கரும்பு, மணிலா, மரக்காணத்தில் உப்பளம், கடற்கரையோரம் மீன்பிடிப்பு, மற்றபடி சென்னைக்கும் புதுச்சேரிக்கும் கூலிக்குப் போவது என்பதே இங்குள்ள பிழைப்பு. தனிநபர் வருமானத்தில் மாநிலத்தின் அடிவரிசை மாவட்டங்களில் இதுவும் ஒன்றாகவே இருந்துவந்திருக்கிறது. இந்த மாவட்டத்துக்காரர்கள் வரி கட்டுவதில்லை என்று சொல்பவர்கள் வருமான வரியை மட்டும் வரி என்று நினைப்பவர்கள்.

மாநிலத்தின் சொந்த வரி வருவாய் 2025-26இல் 2,20,895 கோடி என்று மதிப்பிடப்பட்டது. அதில் முக்கால் பங்கு, சுமார் 1.64 லட்சம் கோடி, வணிக வரி. அதாவது ஜிஎஸ்டியின் மாநிலப் பங்கும், பெட்ரோல், டீசல், மது மீதான மதிப்புக் கூட்டு வரியும். வாங்குகிறவரின் வருமானத்தைக் கேட்காத வரிகள் இவை. திண்டிவனம் நேரு வீதியில் ஒரு குளியல் சோப்பை வாங்கும் களையெடுப்புப் பெண்ணும், அதே சோப்பை வாங்கும் நகை வியாபாரியும் ஒரே வரிதான் கட்டுகிறார்கள். 2025 செப்டம்பர் 21 வரை அது 18 சதவீதமாக இருந்து, பிறகு 5 சதவீதமானது. வரி குறைந்தது ஏழைக்கு நல்லதே. ஆனால் அந்த இழப்பில் பாதி மாநிலங்களின் தலையில் விழுகிறது. 2017இல் வரி விதிக்கும் அதிகாரத்தின் பெரும்பகுதியை ஜிஎஸ்டி மன்றத்திடம் ஒப்படைத்த மாநிலங்களுக்கு இழப்பீடு 2022 ஜூனோடு நின்றுவிட்டது. சோப்பின் வரியைக் குறைத்ததற்கு ஈடாக வேறு எங்கிருந்து வாங்குவது என்று மாநிலம் யோசிக்க வேண்டும், யோசிக்கும் இடமோ சுருங்கியிருக்கிறது.

வரியின் நியாயம் எப்படிக் குலைந்திருக்கிறது என்பதற்குத் தொழில் வரியைவிடத் தெளிவான சான்று கிடையாது. நகராட்சிகளும் ஊராட்சிகளும் அரையாண்டுக்கு ஒருமுறை வசூலிக்கும் வரி இது. அரசியல் சாசனத்தின் 276ஆவது பிரிவு, ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. 1988இல் ஒரு திருத்தத்தின் மூலம் வைத்த உச்சவரம்பு அது. அதற்குப் பிறகு விலைவாசி எத்தனை மடங்கானாலும் வரம்பு அசையவில்லை. இங்கே அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டிவிட்டால் எல்லோருக்கும் கடைசிப் படிநிலைதான். மாதம் பதின்மூன்றாயிரம் வாங்கும் துணிக்கடை ஊழியரும், மாதம் இரண்டு லட்சம் வாங்கும் மேலாளரும் ஒரே அடுக்கில் ஒரே தொகை கட்டுகிறார்கள். வருமானத்தைப் பார்த்து வாங்கும் ஒரே உள்ளாட்சி வரி, மாதம் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் வருமானத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. இந்த வரம்பை மாற்ற நாடாளுமன்றம்தான் சாசனத்தைத் திருத்த வேண்டும். மாநிலக் கட்சிகள் தில்லியில் வைக்கும் கோரிக்கைப் பட்டியலில் இது மேலே ஏற வேண்டும்.

அடுத்து தில்லியின் பங்கு. மாநிலத்தின் நிதி நெருக்கடிக்கு ஒன்றிய அரசே காரணம் என்ற வாதத்தில் நிறையவே உண்மை இருக்கிறது. திண்டிவனம் புறவழிச்சாலையில் ஒரு பங்க்கில் போடும் ஒரு லிட்டர் பெட்ரோலை எடுத்துக்கொள்வோம். 2025 ஏப்ரல் உயர்வுக்குப் பிறகு அதில் ஒன்றிய அரசின் ஆயத்தீர்வை 21 ரூபாய் 90 காசாக இருந்தது. அதில் மாநிலங்களோடு பகிர வேண்டிய அடிப்படைத் தீர்வை 1 ரூபாய் 40 காசு மட்டுமே. மீதி முழுவதும் பகிர வேண்டாத செஸ்ஸும் சிறப்புத் தீர்வையும். அந்த ஒன்று நாற்பதில் 41 சதவீதம் எல்லா மாநிலங்களுக்கும், அதில் தமிழ்நாட்டுக்கு 15ஆவது நிதி ஆணையம் வகுத்த 4.079 சதவீதம் என்று கணக்கிட்டால், நமக்குத் திரும்பி வருவது இரண்டரைக் காசுக்கும் குறைவு. சாலைக்கான செஸ் சாலையாகத் திரும்புகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சாலையில் ஏறினால் விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடியில் இன்னொரு முறை கட்ட வேண்டியிருக்கிறது. 9ஆவது நிதி ஆணையக் காலத்தில் 7.931 சதவீதமாக இருந்த தமிழ்நாட்டின் பங்கு, நாட்டின் மக்கள்தொகையில் சுமார் 6 சதவீதம் இங்கே இருந்தும், நான்கு சதவீதத்துக்குச் சரிந்திருக்கிறது. மாநிலங்களுக்கு 50 சதவீதம் வேண்டும் என்ற தமிழ்நாட்டின் கோரிக்கையை 16ஆவது ஆணையம் ஏற்கவில்லை, 41ஐயே வைத்துக்கொண்டது. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கும் நிபந்தனையைக் காட்டி 2024-25இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கு வர வேண்டிய 2,152 கோடியை நிறுத்திவைத்ததை எந்தக் கூட்டாட்சி நியாயமும் தாங்காது. அந்தப் பணம் போய்ச்சேர வேண்டிய பள்ளிகளில் விழுப்புரத்துப் பள்ளிகளும் உண்டு.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட தண்ணீர் தென்பெண்ணைக் கரையெங்கும் ஊர்களை மூழ்கடித்தது. மாநிலம் உடனடி உதவியாக 2,000 கோடி கேட்டது. வந்தது 944.80 கோடி. அதுவும் மாநிலப் பேரிடர் நிதிக்கு எப்படியும் தரவேண்டிய ஒன்றியப் பங்கின் தவணைகள்தான். தேசியப் பேரிடர் நிதியிலிருந்து 522.34 கோடிக்கு ஒப்புதல் கிடைத்தது 2025 ஏப்ரலில். விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் என்று மாநிலம் தன் கையிலிருந்து கொடுத்தது. வயலில் மணல் மூடிப்போன விவசாயிக்கு அது எம்மாத்திரம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், தில்லியைக் காட்டுவதோடு விவாதம் முடிந்துவிடும் என்று நான் கருதவில்லை. ஒரு ரூபாய் கொடுத்தால் 29 காசுதான் திரும்புகிறது என்று மேடைகளில் சொல்லப்படுகிறது. நிறுவனங்களின் வருமான வரி, அவற்றின் தலைமையகம் எங்கே பதிவாகியிருக்கிறதோ அங்கே கணக்கில் ஏறுகிறது. ஆகவே எந்த மாநிலம் எவ்வளவு கொடுத்தது என்பதைத் துல்லியமாகப் பிரிப்பது கடினம். இன்னும் முக்கியமான ஒன்று உண்டு. 15ஆவது நிதி ஆணையத்தின் சூத்திரத்தில் 45 சதவீத எடை, ஒரு மாநிலத்தின் தனிநபர் வருமானம் முன்னணி மாநிலங்களிலிருந்து எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதற்கு. நமக்குப் பாதகமான அளவுகோல் அது. ஆனால் ஏழைப் பிரதேசத்துக்குக் கூடுதல் பங்கு என்ற அந்தக் கோட்பாட்டில் தவறு கிடையாது. பிகாருக்கு ஏன் என்று கேட்கும் நாம், அதே கோட்பாட்டைச் சென்னைக்கும் விழுப்புரத்துக்கும் இடையே பொருத்திப் பார்த்திருக்கிறோமா? மாநிலத்துக்குள் மாவட்டவாரியாக இப்படியொரு சூத்திரமே கிடையாது. எந்த மாவட்டத்திலிருந்து எவ்வளவு வரி, எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு செலவு என்பது நிதிநிலை ஆவணங்களில் ஓர் அட்டவணையாகக் கூட வருவதில்லை. திட்டங்கள் அமைச்சர்களின் வலிமையைப் பொறுத்தும் தொழில் முதலீட்டின் வசதியைப் பொறுத்தும் இடம் பிடிக்கின்றன. தில்லியிடம் கேட்கும் நியாயத்தைக் கோட்டையும் தன் மாவட்டங்களுக்குத் தர வேண்டும்.

விழுப்புரம் இந்த விஷயத்தில் வேறெந்த மாவட்டத்தையும்விடக் கசப்பான ஒரு பாடத்தைச் சுமக்கிறது. மாநிலத்தின் வருமானத்தில் டாஸ்மாக் வழியாக வருவது, ஆயத்தீர்வையும் மதிப்புக் கூட்டு வரியும் சேர்த்து, 2024-25இல் 48,344 கோடி. அடுத்த ஆண்டுக்கான பள்ளிக் கல்வி ஒதுக்கீட்டைவிட அதிகம். இந்தப் பணத்தின் பெரும்பகுதி வருவது வசதியானவர்களின் விடுதிகளிலிருந்து அல்ல, நாள் கூலியிலிருந்து. கூலிக்காரர் கட்டும் வரியிலேயே கனமான வரி இது. கனம் கூடக்கூட எல்லைக்கு அப்பால் இருக்கும் புதுச்சேரி இழுக்கிறது. மாவட்டத்தை ஒட்டி, ஊர் ஊராகப் பின்னிக் கிடக்கும் ஒன்றியப் பிரதேசம் அது. அங்கே மதுவின் விலையும் பெட்ரோல் விலையும் குறைவு. கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் திண்டிவனம் சாலையிலும் சோதனைச்சாவடி வைத்துக் கடத்தலைத் தடுப்பது தீராத வேலை. அதற்கும் கீழே, இரண்டு விலையையும் கொடுக்க முடியாதவருக்குக் கள்ளச்சாராயம். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து விழுப்புரம் மாவட்டத்தில் 14 பேர் செத்தார்கள். அடுத்த ஆண்டு ஜூனில், 2019 வரை இதே மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். இந்தச் சாவுகளுக்கு வரிவிகிதம்தான் காரணம் என்று சொல்வது மிகையாகும். காவல்துறையின் தோல்வியும் அரசியல் பாதுகாப்பும் இதில் உண்டு. ஆனால் ஏழையின் உடலிலிருந்து எடுக்கும் வருமானத்தை நம்பி ஓர் அரசு இருக்கும்வரை, மதுவிலக்கு பற்றியோ குடிநோய்ச் சிகிச்சை பற்றியோ நேர்மையான விவாதம் அங்கே நடக்காது. 2023 ஜூனில் 500 கடைகளை மூடினார்கள், வருவாயோ குறையாமல் ஏறிக்கொண்டே போனது. மதுக்கடையை மூடு என்று கோருகிறவர்கள் அந்த 48 ஆயிரம் கோடிக்கு மாற்று எங்கே என்று சொல்லக் கடமைப்பட்டவர்கள். அதைச் சொல்லாமல் கோருவது எளிது.

கட்டுவது இப்படி. பெறுவது எப்படி? 2021 பிப்ரவரியில் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஜெயலலிதா பெயரில் ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டமன்றத் தேர்தல் வாசலில் நின்ற நேரம். ஆட்சி மாறியதும், அதே ஆண்டில் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. போதிய நிதியோ உள்கட்டமைப்போ இல்லாமல் அறிவிக்கப்பட்டது என்பது புதிய அரசின் வாதம், அரசியல் பழிவாங்கல் என்பது பழைய ஆளுங்கட்சியின் வாதம். இரண்டில் எதை ஏற்றாலும் விழுப்புரத்துக்குப் பல்கலைக்கழகம் இல்லை. அது இணைக்கப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகமோ, நிதி நெருக்கடியில் சிக்கி 2013இல் அரசே ஏற்றுக்கொண்ட நிறுவனம். மருத்துவத்தில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது, அது பெரிய மாற்றம். ஆனாலும் சிக்கலான நோய் என்றால் திண்டிவனம், வானூர், கண்டமங்கலம் பக்கத்து மக்களின் கால்கள் இன்றும் புதுச்சேரி ஜிப்மரை நோக்கித்தான் போகின்றன. பக்கத்தில் ஓர் ஒன்றிய அரசு மருத்துவமனை தற்செயலாக இருப்பதால் மாநிலத்தின் குறை வெளியே தெரியாமல் மறைகிறது.

தென்பெண்ணையின் குறுக்கே இருக்கும் எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டின் கதை கணக்கில் வராத பற்றாக்குறைக்கு நல்ல உதாரணம். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் கட்டப்பட்டு ஏரிகளுக்கும் வாய்க்கால்களுக்கும் தண்ணீர் பிரித்துக் கொடுத்துவந்த அணைக்கட்டு, 2021 நவம்பர் வெள்ளத்தில் உடைந்தது. மறுபடி கட்ட 86 கோடி ரூபாய். பணம் இல்லாத ஆண்டுகளில் ஓர் அரசு முதலில் வெட்டுவது பராமரிப்புச் செலவைத்தான். சம்பளத்தை வெட்ட முடியாது, வட்டியை வெட்ட முடியாது, உதவித்தொகையை வெட்டினால் தேர்தலில் தெரியும். ஷட்டருக்கு எண்ணெய் போடாததும் கரையைப் பலப்படுத்தாததும் எந்த ஆண்டின் பற்றாக்குறையிலும் ஏறாது. வெள்ளம் வரும்போதுதான் ஏறும், பல மடங்காக. போக்குவரத்துக் கழகங்களும் மின்வாரியமும் இதே ரகம். விழுப்புரத்தையே தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகம் 2018 ஜனவரியில் நிர்ணயித்த கட்டணத்தில்தான் பேருந்து ஓட்டுகிறது. டீசல் விலை அன்றைய விலையில் நிற்கவில்லை. இடைவெளி எங்கே போய் ஒளிகிறது என்பது பழைய வண்டிகளிலும், பஞ்சப்படி நிலுவைக்காக 2024 ஜனவரியில் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தத்திலும் வெளிப்பட்டது.

இங்கே வலுவான ஓர் ஆட்சேபம் குறுக்கிடும். பணம் இல்லை என்கிறீர்களே, இலவசங்களை நிறுத்தினால் போதாதா? எண்களைப் பார்ப்போம். 2025-26இல் மகளிர் உரிமைத்தொகைக்கு 13,807 கோடி, மகளிர் கட்டணமில்லாப் பயணத்துக்கு 3,600 கோடி. இரண்டும் சேர்ந்து வருவாய்ப் பற்றாக்குறையில் பாதியைக் கூட எட்டவில்லை. வருவாய்ப் பற்றாக்குறை 2013-14இல் தொடங்கியபோது இவை இரண்டுமே பிறக்கவில்லை. மிக்சியும் கிரைண்டரும் விநியோகித்த காலம் அது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை, அந்தச் செலவை நான் ஆதரிக்கவும் இல்லை. ஆனால் மாதம் ஆயிரம் ரூபாய் வேறு வகை. ஏற்கெனவே சொன்னபடி சோப்பிலும் பெட்ரோலிலும் புருஷனின் குடியிலுமாக ஓர் ஏழை வீடு தன் சக்திக்கு மீறிய வரியைக் கட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி வீட்டுப் பெண்ணின் கணக்குக்குத் திரும்புவதை இலவசம் என்று அழைப்பது சரியாகாது. வாங்கும்போது தவறிய நியாயத்தைக் கொடுக்கும்போது சரிசெய்யும் முயற்சி அது. என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. ரொக்கம் எல்லா ஊருக்கும் போகும், சேவை போகாது. கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில்தான் செல்லும். அந்த வண்டி ஒரு நாளைக்கு இரண்டு நடை மட்டும் வரும் கிராமத்துப் பெண்ணுக்கு அந்த உரிமை இரண்டு நடைக்குத்தான். கையில் ஆயிரம் ரூபாய் இருந்தும், அருகில் மருத்துவர் இல்லையென்றால் அது புதுச்சேரிக்குப் போகும் செலவாகக் கரைகிறது. தொகையும் வேண்டும், சேவையும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மறுப்பதை இரண்டு தரப்பும் நிறுத்த வேண்டும். விவசாயப் பம்புசெட்டுக்கான இலவச மின்சாரத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு. நிலமே இல்லாத கூலிக்காரருக்கு அதில் நேரடிப் பங்கு எதுவும் இல்லை, கிணறும் மோட்டாரும் கூடக்கூட மானியமும் கூடுகிறது. குறு விவசாயிக்கு முழுவதும் இலவசம், பெரிய பண்ணைக்கு அளவோடு கட்டணம் என்று பிரிக்க எந்தக் கட்சிக்கும் துணிவில்லை.

அப்படியானால் பணம் எங்கே? 2006-07இல் மாநில உற்பத்தியில் 8 சதவீதத்துக்கு மேல் இருந்த சொந்த வரி வருவாய், இப்போது 6 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. உற்பத்தியைக் கணக்கிடும் அடிப்படை ஆண்டு மாறியிருப்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் சரிவின் திசையில் சந்தேகமில்லை. 2025-26 மதிப்பீட்டின்படி மாநில உற்பத்தியில் ஒரு சதவீதம் என்பது சுமார் 35,600 கோடி. அந்த ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டி மீட்டாலே வருவாய்ப் பற்றாக்குறை முழுவதும் மறைந்துவிடும். ஜிஎஸ்டிக்குப் பிறகு மாநிலத்தின் கையில் மிச்சமிருக்கும் பெரிய வரித்தளம் நிலமும் கட்டடமும்தான். அங்கே பார்வையைத் திருப்பினால், திண்டிவனத்தைச் சுற்றியே நமக்கு விடை கிடைக்கும். நான்குவழிச் சாலை வந்தது, சிப்காட் வந்தது. ஏக்கர் கணக்கில் கிடந்த புன்செய் நிலங்கள் மனைகளாகப் பிரிந்து கொடி நட்டு விற்கப்படுகின்றன. அந்த விலையேற்றத்தை உண்டாக்கியது பொதுப் பணம். அதில் பொதுக் கஜானாவுக்கு வருவது எவ்வளவு? விவசாய நிலம், நகராட்சி எல்லைக்கு இரண்டு கிலோமீட்டருக்கு வெளியே இருந்தால், திண்டிவனம் அளவு மக்கள்தொகை உள்ள ஊர்களில் அதை விற்ற லாபத்துக்கு வருமான வரியே கிடையாது. மாநிலத்துக்கு வருவது பத்திரப்பதிவில் கிடைக்கும் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும். அதைக் கட்டுவது வாங்குகிறவர், லாபம் பார்ப்பது விற்கிறவர். கட்டுவதும் வழிகாட்டி மதிப்பின் மேல். 2017இல் வழிகாட்டி மதிப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினார்கள். 2023இல் மதிப்பைப் பழைய அளவுக்கு ஏற்றி, கட்டணத்தை 2 ஆக்கினார்கள். திசை சரி. ஆனால் சந்தை விலைக்கும் வழிகாட்டி மதிப்புக்கும் உள்ள இடைவெளியில்தான் கறுப்புப் பணம் குடியிருக்கிறது. அரை ஏக்கரைப் பிள்ளையின் கல்யாணத்துக்கு விற்கும் விவசாயியைத் தொடாமல், பல ஏக்கர் வாங்கி மனை போட்டு விற்பவரின் விலையேற்றத்தில் ஒரு பங்கைக் கேட்பது மாநிலத்தின் சட்ட அதிகாரத்துக்கு உட்பட்டதே.

வரி போட்டால் முதலீடு ஓடிவிடும் என்பார்கள். தொழிற்சாலை ஓடலாம், நிலம் ஓடாது. புதுச்சேரி எல்லையில் மது வரியும் பெட்ரோல் வரியும் படும் பாடு நில வரிக்குக் கிடையாது. அரசியல் விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பது மட்டும் மெய். 2018இல் உயர்த்திய சொத்து வரியை எதிர்ப்புக்குப் பயந்து 2019இல் திரும்பப் பெற்றார்கள். 2022இல் வேறு வடிவில் உயர்த்தினார்கள். நகராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். கட்சி பேதம் இல்லாமல் பலரும் எதிர்த்தார்கள். பல ஆண்டுகள் தொடாமல் விட்டு ஒரே அடியாக ஏற்றியது வலிக்கத்தான் செய்யும். ஆனால் நம் வரி அமைப்பில் பெரிய வீட்டுக்காரரிடம் அதிகமும் சின்ன வீட்டுக்காரரிடம் குறைவும் கேட்ட அரிதான உயர்வு அது. என் பார்வையில் குறை உயர்வில் இல்லை. ஏற்றிய பணத்தில் எந்தத் தெருவுக்கு வடிகால் வந்தது என்று விழுப்புரம் நகராட்சிவாசிக்கோ திண்டிவனம் நகராட்சிவாசிக்கோ யாரும் கணக்குக் காட்டவில்லை என்பதே குறை.

கணக்குக் காட்டாததால்தான் கடைசி ஆட்சேபம் கூர்மையாகிறது: கொடுத்தால் வீணாக்குவார்கள். தளவானூரில் தென்பெண்ணைக்குக் குறுக்கே 25 கோடிக்கு மேல் செலவழித்துக் கட்டி 2020இல் திறந்த தடுப்பணை, சில மாதங்களில், 2021 ஜனவரியிலேயே பக்கச் சுவர் இடிந்தது. நவம்பர் வெள்ளத்தில் மிச்சமும் போனது. அந்த ஊர் மக்களுக்கு வரி கட்டு, சேவை வரும் என்று உபதேசம் செய்ய யாருக்கும் தகுதியில்லை. ஆனாலும் இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டால் தண்டனை ஒப்பந்தக்காரருக்குப் போகாது, அணை இல்லாமல் போன விவசாயிக்குப் போகும். வீணடிப்புக்கு மருந்து, பணத்தை மறுப்பதில் இல்லை. ஒப்பந்தம் யாருக்கு, எந்தப் பொறியாளர் சான்றளித்தார், உடைந்த பிறகு யாரிடமிருந்து எவ்வளவு திரும்ப வசூலானது என்பவற்றைக் கிராமசபையில் வைப்பதில் இருக்கிறது.

அதற்கு வாய்ப்பான ஒரு தருணம் நெருங்கிக்கொண்டிருக்கிறது. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது மாநில நிதி ஆணையங்களின் பரிந்துரைப்படி நடக்கிறது. 6ஆவது ஆணையத்தின் காலம் 2027 மார்ச்சோடு முடிகிறது. அடுத்த ஐந்தாண்டுக்கான சூத்திரத்தில் மக்கள்தொகையும் பரப்பும் மட்டுமல்லாமல், மாவட்டத்தின் தனிநபர் வருமானம் மாநில முன்னணியிலிருந்து எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதற்கும் கணிசமான எடை தர வேண்டும். தேசிய நிதி ஆணையம் கையாளும் அதே அளவுகோலை உள்ளுக்குள் பொருத்துவதுதான் இது, புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. அதோடு, மாவட்டவாரி வரவு செலவு அட்டவணை ஒன்று நிதிநிலை அறிக்கையோடு இணைக்கப்பட வேண்டும். மூலதனச் செலவு 57,231 கோடி என்று அறிவிக்கும்போது அதில் விழுப்புரத்தில் எவ்வளவு, திண்டிவனம் வட்டத்தில் எவ்வளவு என்று கேட்டுப் பதில் பெறும் நிலை வர வேண்டும். இந்த இரண்டு மாற்றங்களுக்கும் தில்லியின் அனுமதி தேவையில்லை, அரசியல் சாசனத் திருத்தமும் தேவையில்லை. மாநில அமைச்சரவையின் ஒரு முடிவு போதும்.